கணிதப் போட்டியும் அறுவர் தெரிவும்

தமிழ் பயிலும் மாணாக்கர் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் கணித வகுப்பார் நகைப்பர். தமிழ் வகுப்பார் ஐயுறுவர். இரண்டினையும் பொறுத்துக்கொண்டு இதனை எழுதத் துணிந்தோம். ஆண்டுதோறும் பெரும்பாலும் ஜூலைத் திங்களில் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட் என்னும் போட்டி நடைபெறுகின்றது. பல்கலைக்கழகம் புகாத, இருபது வயது நிரம்பாத பள்ளி மாணாக்கர் நாட்டுக்கு அறுவராக அங்குக் கூடுகின்றனர். நம் நாட்டினின்று சென்ற அறுவர் பதக்கம் பெற்று மீளும்போது செய்தித்தாள்கள் ஒரு நாள் புகழ்கின்றன, மறுநாள் மறக்கின்றன. அவ்வறுவர் எங்ஙனம் தெரிந்தெடுக்கப் பெற்றனர், எடுக்கப்படாது நின்றவர் எத்துணையர், அவர் பின்னர் என்னாயினர் என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினா கணிதர்க்கு மட்டும் உரியதன்று. அப்போட்டியில் அளக்கப்படுவது கூட்டிக் கழிக்கும் விரைவு அன்று. ஒரு கூற்று மெய்யென்பதைக் காரணங்காட்டி எழுதும் ஆற்றல். எழுத்து என்று வந்தபின் தமிழ் மாணாக்கர்க்கும் அங்கே ஒரு வாய்ச்சொல் உண்டன்றோ?

முதல் ஒலிம்பியாட் 1959-ஆம் ஆண்டு ருமேனியாவில் ஏழு நாடுகள் கூட நடைபெற்றது. அதன் முதல் வினாவின் பொருளைக் கூறுவோம். கணிதத்திற்கு அஞ்சும் நேயரும் சற்றே பொறுத்துப் படித்தல் வேண்டும். யாதாயினும் ஓர் எண்ணை 21-ஆற் பெருக்கி 4 கூட்டுக. அதே எண்ணை 14-ஆற் பெருக்கி 3 கூட்டுக. இங்ஙனம் கிடைத்த இரண்டிற்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி எக்காலத்தும் இராது என்று நிறுவுதல் வேண்டும்.

ஒரு மாணாக்கன் 1 முதல் 100 வரை ஒவ்வோர் எண்ணாக இட்டுப் பார்க்கலாம். நூறு முறையும் கூற்று மெய்யாகவே இருக்கும். ஆயினும் அவன் ஒன்றும் நிறுவியவன் ஆகான். நூற்றொன்றாம் எண் யாது செய்யுமோ, அவன் அறியான். மற்றொருத்தி சிறிது பொழுது எழுதுகோலைத் தொடாது இருக்கின்றாள். பின்பு முதல் தொகையை இரட்டிக்கின்றாள். அஃது எடுத்த எண்ணின் 42 மடங்கோடு 8 ஆகின்றது. இரண்டாம் தொகையை மும்மடங்காக்குகின்றாள். அது 42 மடங்கோடு 9 ஆகின்றது. இவை இரண்டும் அடுத்தடுத்த எண்கள். முதலில் எடுத்த இரண்டையும் மிச்சமின்றி வகுக்கும் எண் எதுவாயினும் இவ்விரண்டையும் வகுக்கும். ஆதலின் இவற்றின் வேற்றுமையாகிய ஒன்றனையும் வகுக்கும். ஒன்றனை வகுப்பது ஒன்றே. அவ்வளவுதான். மிகைச் சொல்லும் இல்லை. வேண்டிய சொல் குறையவும் இல்லை. நல்ல உரையாசிரியர் ஒருவர் இடர்ப்பட்ட இடத்தைத் தெளிவிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி இதனைப் படிக்கும்போதும் உண்டாகின்றது. எண்ணும் எழுத்தும் இரு கண் என்று நம் முன்னோர் சேர்த்துச் சொன்னதை நாம் பிரித்துப் பிரித்தே பாடம் படித்துவிட்டோம் போலும்.

இனித் தெரிவு முறையைக் காண்போம். தேசிய உயர்கணித வாரியத்தின் முயற்சியால் 1986-இல் நம் நாட்டில் தேசிய ஒலிம்பியாட் தேர்வு தொடங்கிற்று. 1989-இல் மேற்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்கு நம் அணி முதன்முறை சென்றது. 1996-இல் மும்பையிலேயே அனைத்துலகப் போட்டி நடைபெற்றது. 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நம் அறுவர் நான்கு பொற்பதக்கம் பெற்று, நாடுகளின் வரிசையில் நான்காம் இடத்தை எய்தினர். அதுவரை நாம் பெற்ற இடங்களில் அதுவே உயர்ந்தது.

இந்நிலைக்கு ஏறும் ஏணி ஐந்து படிகள் உடையது எனலாம். முதற்படி எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வார்க்குரிய தகுதித் தேர்வு. மூன்று மணி நேரத்தில் முப்பது வினாக்கள். ஒவ்வொன்றற்கும் விடை நூற்றுக்குட்பட்ட ஓர் எண். அவ்வெண்ணுக்குரிய வட்டத்தைக் கருமையாக்கினாற் போதும், பொறி திருத்திவிடும். அதில் தேறியவர் வட்டாரத் தேர்வும், அதன்மேல் தேசியத் தேர்வும் எழுதுவர். இவ்விரண்டிலும் வினாக்கள் ஆறு ஆறே. விடை என்பது முழு நிறுவல். தேசியத் தேர்வில் மேம்பட்ட சில பதின்மர் மும்பை ஹோமி பாபா அறிவியற் கல்வி மையத்தின் பொறுப்பில் நடைபெறும் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுவர். அங்கு நடக்கும் தெரிவுத் தேர்வுகளின் பயனாக அறுவர் எஞ்சுவர். இம்மேற்படிகளைப் பற்றி யாம் குறை கூறுவதற்கில்லை. எழுதிய காரணத்தை மனிதர் படித்து மதிப்பிடுகின்றனர். செல்வர் பிள்ளை, ஏழை பிள்ளை என்னும் வேறுபாடு ஆறு வினாக்களுக்குத் தெரியாது. பரிந்துரைக் கடிதங்களாலும் பெரியோர் வீட்டுப் பழக்கத்தாலும் இடம் பெறுவது மலிந்த உலகில் இத்தகைய தெரிவு போற்றத்தக்கது.

எமது ஐயப்பாடு முதற்படியைப் பற்றியது. மேலே யாம் காட்டிய ருமேனிய வினாவை அத்தகுதித் தேர்வில் வினவ இயலுமா? இயலாது. அதற்கு எண்ணாகிய விடை ஒன்று இல்லை, காரணமே விடை. எந்த ஆற்றலை இறுதியில் நாடுகின்றோமோ அதனை முதல் வாயிலில் கேளாமலே விடுகின்றோம். விரைந்து எண்ணைக் கண்டுபிடிப்பவன் உள்ளே செல்கின்றான். மெல்ல ஆழ்ந்து நினைப்பவள் பன்னிரண்டு வினாக்களைத் திறம்பட முடித்து, மணி அடித்ததும் வெளியே நிற்கின்றாள். நாடு முழுதும் எழுதும் அத்துணைப் பேருடைய கட்டுரைகளையும் யார் திருத்துவது என்று கேட்பார்க்கு மறுமொழி கூறுதல் எளிதன்று. ஆகவே அச்சல்லடையை நீக்குக என்று யாம் சொல்லவில்லை. சல்லடையை நெல்லென்று எண்ணி மயங்குதல் வேண்டா என்கின்றோம். அதிற் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மேதை என்று ஊர் நடுவே வண்ணப்படம் எழுதி வைப்பதும், மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கணக்கு வராதவன் என்று பெற்றோர் முடிவு கட்டுவதும் ஒரே அறியாமையின் இரு கிளைகள்.

போட்டி எங்குண்டோ அங்குப் பயிற்றுவிப்பாரும் தோன்றுவர். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் கணித டிரைபாஸ் தேர்வில் தேறியவரை 1909 வரை முதல்வர், இரண்டாமவர் என வரிசைப்படுத்திப் பெயர் கூவினர். முதல்வரை ‘சீனியர் ராங்லர்’ என்று உலகமே கொண்டாடிற்று. நம் நாட்டுப் பரஞ்சபே 1899-இல் இன்னொருவரோடு ஒப்ப அவ்விடம் பெற்றபோது இந்தியர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அவ்வரிசையில் மேலேறுதற்கெனவே தனிப் பயிற்சியாளர் கூட்டம் ஒன்று அங்கே வளர்ந்தது. 1854-இல் முதலிடம் பெற்ற ரூத் என்பவர் அவருள் தலைசிறந்தவர். இருபதின்மருக்கு மேற்பட்ட முதல்வர்களை அவர் ஒருவரே ஆக்கி அனுப்பினார். அவ்வாண்டில் அவருக்குப் பின்னே இரண்டாமவராக நின்றவர் பெயர் மாக்ஸ்வெல். மின்னும் காந்தமும் ஒளியும் ஒன்றற்கொன்று உறவென்று உலகுக்கு அறிவித்தவர் அவரே. கெல்வின் பெருமகனாரும் 1845-இல் இரண்டாமவரே. வரிசை பொய்யன்று, இரண்டாமிடமும் இழிவன்று. எனினும் அவ்வரிசையைக் கண்டு இவரினும் அவர் பெரியர் என்று தீர்ப்புக் கூறியவர் இருப்பின், அவர் தீர்ப்பைக் காலம் திருத்திவிட்டது.

அவ்வரிசை முறையை ஒழிக்கப் பெரிதும் வாதாடியவருள் ஒருவர் ஹார்டி. தாமே 1898-இல் நான்காமிடம் பெற்றவராதலின் கிட்டாத கனியைப் புளிப்பென்றார் என்று அவரைப் பழித்தற்கு இடமுண்டு, பழித்தவரும் இருந்திருப்பர். ஆனால் 1913-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்து எழுத்தர் ஒருவரின் கடிதம் அவர் கையை எட்டியபோது, தேர்வுப் பட்டியலைத் தேடாமல் எழுதியிருந்ததைப் படித்தவர் அவர். அவ்வெழுத்தர் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தவர், சென்னையில் எப்.ஏ. தேர்விலும் தேறாதவர். இராமானுஜன் கதையை எல்லோரும் அறிவர். அதனை இங்கு விரித்துரைப்பது எம் கருத்தன்று. அக்கதையில் எல்லோரும் தாண்டிச் செல்லும் ஒரு சிறு செய்தியே எமக்கு வேண்டுவது. இந்தியக் கணிதக் கழகம் என்னும் சங்கம் 1907-இல் தோன்றிற்று. அதன் இதழில் வாசகர் வினா விடுப்பதற்கும் விடை எழுதுவதற்கும் ஒரு பகுதி இருந்தது. 1911-இல் இராமானுஜன் அதில் வினா விடுக்கத் தொடங்கினார். ஒன்றனுள் ஒன்றாக முடிவின்றி அடங்கும் வர்க்கமூலங்களைப் பற்றிய வினா ஒன்றுக்குத் திங்கள் ஆறு கழிந்தும் விடை வாராமையால் அவரே விடை எழுதினார். அந்தப் பகுதிக்கு மூன்று மணி நேரம் என்னும் எல்லை இல்லை, பட்டம் வேண்டும் என்னும் விதி இல்லை, கட்டணம் இல்லை, தேர்வில் தவறியவன் எழுதலாகாது என்று எவரும் தடுக்கவில்லை. தேர்வு அவரை இருமுறை வெளியே தள்ளிற்று. வினாப் பகுதி உள்ளே அழைத்தது.

இதே உண்மையை ஒரு நாடு முழுதும் விளங்கக் காட்டிய வரலாறு ஹங்கேரியுடையது. 1894-ஆம் ஆண்டு அந்நாட்டில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. பௌதிகப் பேராசிரியர் லோராண்ட் ஏட்வேஷ் கல்வி அமைச்சரானதைச் சிறப்பிக்கக் கணித பௌதிகக் கழகத்தார் பள்ளிப் படிப்பை முடித்த மாணாக்கர்க்கு ஒரு போட்டி ஏற்படுத்தினர். மூன்று வினாக்கள், நான்கு மணி நேரம். நூல்களையும் குறிப்பேடுகளையும் உடன் கொண்டுவரலாம்! நம் தேர்வுக் கூடங்களில் துண்டுத் தாளைக் கண்டாலே நடுங்கும் மேற்பார்வையாளர் இதனைக் கேட்டால் மயங்கி விழுவர். நூலைப் பார்த்தும் விடை காண இயலாத வினா எதுவோ அதுவே நல்ல வினா என்பது அவர் கொள்கை. மற்றொரு செயல் இதனினும் எளியது. டியோர் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராயிருந்த தானியேல் அரானி என்பவர் மாணாக்கர்க்கெனக் கணித இதழ் ஒன்றைத் தொடங்கினார். திங்கள்தோறும் வினாக்கள் வெளிவரும். நாட்டின் எம்மூலையிலுள்ள மாணாக்கனும் வீட்டிலிருந்து விடை எழுதி அஞ்சலில் அனுப்பலாம். சிறந்த விடைகள் எழுதியவர் பெயரோடு அச்சாகும்.

போட்டியிற் பரிசு பெற்றவருள் ஃபெயேர், கார்மான், ஹார், செகோ, டெல்லர் முதலியோர் பெயர் பின்னாளில் உலகறிந்தவை. பரிசு இரண்டே; ஆயினும் இதழின் வினாவுக்கு விடை தேடிய பிள்ளைகள் பரிசு பெறினும் பெறாவிடினும் ஒரு திங்கள் முழுதும் ஒன்றனை நினைத்துக்கொண்டிருக்கப் பழகினர். போட்டி மட்டும் இருந்து இதழ் இல்லாதிருப்பின், ஏற்கெனவே அறிந்த சிலரைப் பொறுக்கி எடுத்துப் புகழ்ந்திருப்பர், வேறொன்றும் விளைந்திராது. எம் கருத்தில் ஹங்கேரியின் ஆக்கத்திற்கு வித்து இதழே. போட்டி அறுவடை விழா. நாம் விழாவை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து, “சென்னையில் 1965-இல் நிறுவப்பெற்ற இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் மாணாக்கர்க்குப் போட்டியும் இதழும் நடத்தி வந்ததை மறந்தீரோ?” என வினவலாம். மறக்கவில்லை, அச்சங்கத்தாரின் தொண்டு நன்றியோடு நினைக்கத்தக்கது. அத்தகைய முயற்சி ஒன்றிரண்டோடு நில்லாது நூறாகப் பெருகுதல் வேண்டும், அதிலும் தமிழில் பெருகுதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். ஒலிம்பியாட் பயிற்சிக்குரிய நூல்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் ஒரு சிறுமி, கணக்கின் உள்ளுறையை ஒரே பார்வையில் கண்டுவிடக் கூடியவளாயினும், வினாவின் முதல் வாக்கியத்திலேயே இடறி நிற்பாள். அங்கே தோற்றது அவள் கணிதம் அன்று. அனைத்துலகப் போட்டியிலோ வினாக்கள் பற்பல மொழிகளிற் பெயர்க்கப்படுகின்றன; ஹங்கேரியச் சிறுவன் ஹங்கேரிய மொழியிலும் ஜப்பானியச் சிறுமி ஜப்பானிய மொழியிலும் நிறுவல் எழுதுகின்றனர். உச்சியில் உள்ள உரிமை அடிவாரத்தில் இல்லாதிருப்பது பொருந்துமா?

“அறுவரைத் தெரிவதுதானே நோக்கம்? எஞ்சியோர்க்குப் பள்ளி உண்டு, பாடம் உண்டு” என்று கூறுவாரும் உளர். அணி என்று நாம் பேசினும் அங்கே கூட்டாட்டம் ஒன்றும் இல்லை என்பதை அவர் நினைக்க வேண்டும். இரண்டு நாள், நாளுக்கு நான்கரை மணி நேரம், மூன்று மூன்று வினாவாக ஒவ்வொருவரும் தனித்தனியே இருந்து எழுதுகின்றனர். அனைத்துலகப் போட்டி தனி மாணாக்கர்க்குரியது. நாடுகளின் வரிசை மதிப்பெண்ணைக் கூட்டிப் பிறர் செய்துகொள்வது. அங்குப் பதக்கம் வழங்கும் முறையும் கருதத்தக்கது. வந்தவருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பதக்கம் உண்டு. பதக்கம் பெறாதவனும் ஒரே ஒரு வினாவைப் பிழையின்றி முழுதும் நிறுவியிருப்பின் அவன் பெயரைச் சிறப்பித்துக் கூறுவர். ஒன்றை முழுமையாகச் செய்தான் என்பதற்கு இங்ஙனம் ஓர் இடம் வைத்தார் நெஞ்சம் எமக்குப் பிடித்தது. நம் பள்ளித் தேர்வுகளில் அவ்விடம் எங்கே?

தெரிவிற் பின்னின்றவர் பின்னின்றவராகவே இருந்துவிடுவதும் இல்லை. தமிழ்க் குடும்பத்திற் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அக்‌ஷய் வெங்கடேஷ் 1994-இல் பன்னிரண்டு வயதில் பெற்றது வெண்கலப் பதக்கம். 2018-இல் பெற்றது கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றாகிய ஃபீல்ட்ஸ் பதக்கம். 2022-இல் அப்பதக்கம் பெற்ற ஜூன் ஹு என்பாரோ, கவிஞராக வேண்டும் என்று உயர்நிலைப் பள்ளியை விட்டே சென்றவர். (தமிழ் வகுப்பார் இதனைக் குறித்துக்கொள்க. கணித வகுப்பிலிருந்து கவிஞரை எதிர்பார்க்க நமக்கும் உரிமை உண்டு.) இரானிய நாட்டு மரியம் மிர்சாகானி 1995-இல் முழு மதிப்பெண் பெற்று 2014-இல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார் என்பதும் மெய்யே. போட்டியில் முந்துவோரும் பின்னாளிற் சிறக்கலாம், பிந்துவோரும் சிறக்கலாம். அங்ஙனமாயின் அறுவர்க்குச் செய்யும் உபசாரத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் எஞ்சியோர்க்குச் செய்தல் அறமன்றோ?

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். ஒலிம்பியாட் அணிகளிற் பெண்கள் நெடுங்காலம் அருகியே காணப்பட்டனர். இதனைக் கருதி 2012-இல் கேம்பிரிட்ஜில் ஐரோப்பியப் பெண்கள் கணித ஒலிம்பியாட் தொடங்கிற்று. இந்தியச் சிறுமியர் நால்வர் கொண்ட அணி 2015 முதல் அதிற் பங்கு கொள்ளலாயிற்று. தனிப் போட்டி வைத்தல் பெண்களைத் தாழ்த்துவதாகும் என்று எம் நண்பர் சிலர் வாதிடுகின்றனர். வாயில் இரண்டானால் உள்ளே வருவோர் தொகை பெருகும் என்பது எம் விடை. வீட்டினின்று தொலைவிலுள்ள முகாமுக்கு மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே பலர். முன்பு சென்று மீண்ட பெண்ணொருத்தி அவ்வூரில் இருந்தால் அத்தயக்கம் பாதி நீங்கும்.

அரசினரும் பெரிய நிறுவனங்களும் செய்யத்தக்கவை பல. அவற்றை அவர்களுக்கு எடுத்துரைக்கும் தகுதி எமக்கில்லை. கேட்கும் பொழுதும் அவர்க்கில்லை. நம் கல்லூரியால் இயல்வது ஒன்றுண்டு. கணிதச் சிறப்பு வகுப்பார் திங்களுக்கு மூன்று வினா அமைக்கட்டும். எண் விடையன்று, காரணமே விடையாகும் வினாக்கள். தமிழ்ச் சிறப்பு வகுப்பார் அவற்றைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் எழுதித் தருவோம். சொல் கடினமாயின் எம்மைக் கடியலாம். ஒரே தாளில் அச்சிட்டு, நம் மாவட்டத்திலுள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். சுவரில் ஒட்டிவைக்கும்படி தலைமையாசிரியர்களை வேண்டலாம். வரும் விடைத்தாள் ஒவ்வொன்றையும் ஒரு மாணாக்கர் படித்து, இவ்விடத்தில் உன் காரணம் அறுந்தது, இவ்விடத்தில் நீ எழுதியது எமக்கும் புதிது என்று இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மதிப்பெண் இட வேண்டா, வரிசையும் வேண்டா. நல்ல விடை ஒன்றை எழுதியவர் பெயரோடும் பள்ளியின் பெயரோடும் அடுத்த தாளில் வெளியிடலாம்.

செலவு தாளுக்கும் அஞ்சலுக்கும் ஆவது. விடுதி மாணாக்கர் ஆண்டு விழாவின் மின்விளக்குத் தோரணத்தில் ஒரு வரிசையைக் குறைத்துக்கொள்ள இசைந்தால் ஓராண்டுக்குப் போதும் என்று கணித வகுப்பு நண்பர் ஒருவர் கூட்டிக் காட்டினார். முதல் தாளுக்குரிய மூன்று வினாக்களில் ஒன்று மேலே உள்ளது. ஏனை இரண்டையும் அவரிடம் கேட்டிருக்கின்றோம்.